உழைத்துத் தேய்ந்த தரங்கம்பாடி போதகர் சீகன்பால்கு

தலைநகர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் 1924ஆம் ஆண்டில் எழுந்த சீயோன் லுத்தரன் ஆலயத்தைப் பலரும் அறிவர். அங்கு ஒலிக்கும் தமிழ் வழிபாட்டின் வேர் தமிழ்நாட்டுக் கடலோர ஊரான தரங்கம்பாடியில் இருக்கிறது. அந்த வேரை ஊன்றியவர் பார்த்தலோமேயு சீகன்பால்கு.

அவர் 1682 ஜூலை 10இல் ஜெர்மனியின் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். உடலும் அடிக்கடி நோயில் விழும். அப்படிப்பட்டவரைத்தான் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக், புளூட்சோ என்ற நண்பருடன் தரங்கம்பாடிக்கு அனுப்பி வைத்தார். 1706 ஜூலை 9இல் கப்பல் கரையை அடைந்தது. மறுநாள் அவருக்கு 24 வயது நிறைந்தது.

வந்த இடத்தில் வரவேற்பு இல்லை. டேனிஷ் ஆளுநர் ஹாசியஸ் அவரை வேண்டாத விருந்தாளியாகவே நடத்தினார். சீகன்பால்கு மனம் தளரவில்லை. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். 1707இல் பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி திறந்தார். ஓர் ஏழை விதவையின் வழக்கில் பரிந்து பேசப் போய், 1708இன் இறுதியில் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். சுமார் நான்கு மாதங்களுக்குப் பிறகே வெளியே வந்தார்.

அதன் பின்னரும் பணி நிற்கவில்லை. இங்கிலாந்து நண்பர்கள் அச்சு இயந்திரம் அனுப்பி உதவினர். தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டன. 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. காகிதத் தட்டுப்பாடு வந்தபோது பொறையாற்றில் காகித ஆலை தொடங்கப்பட்டது. ஐரோப்பா சென்று ஆதரவு திரட்டி, மணமுடித்து, மனைவி மரியா டோரதியாவுடன் திரும்பினார். 1718இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்தார்.

இவ்வளவு செய்தவருக்குக் கிடைத்தது பாராட்டு அல்ல. கோப்பன்ஹேகனில் மிஷன் பணிகளைக் கவனித்த செயலாளர் வெண்ட் கடுமையான கண்டனக் கடிதங்களை எழுதினார். பள்ளிக்கும் ஆலயத்துக்கும் பணம் செலவிட்டதே அவர் கண்ணில் குற்றமாகிவிட்டது. தரங்கம்பாடியின் வெயிலையும் பட்டினியையும் பாராதவர், தூரத்தில் அமர்ந்து தீர்ப்பு எழுதினார். சிறை அசைக்காத மனதைச் சொந்த இல்லத்தார் வீசிய அந்தச் சொற்கள் அசைத்துவிட்டன. ஏற்கெனவே நலிந்திருந்த உடல் மேலும் தளர்ந்தது. 1719 பிப்ரவரி 23இல், 36ஆம் வயதில், அவர் கண் மூடினார். தாம் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் இறந்து 14 ஆண்டுகள் கழித்து, 1733இல் ஆரோன் என்ற தமிழர் குருப்பட்டம் பெற்றார். அதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அந்த வழியில் வளர்ந்த தமிழ்ச் சபையிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போதகர்கள் மலாயாவுக்கும் வந்தார்கள். ரயில்வே குடியிருப்புகளிலும் ரப்பர் தோட்ட லயன்களிலும் நம் முன்னோருக்கு ஆறுதல் சொன்னார்கள்.

இன்றும் கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் சபைகளில் ஒரு போதகரின் வாரம் ஞாயிறோடு முடிவதில்லை. நள்ளிரவில் மருத்துவமனை, விடிந்தால் இறுதிச் சடங்கு, மாலையில் ஒரு குடும்பச் சண்டை. பிரசங்கம் நீண்டால் முணுமுணுப்பு. வீட்டுக்கு வரவில்லையென்றால் மனத்தாங்கல். குறை சொல்லப் பலர் இருக்கிறார்கள். சாப்பிட்டீர்களா ஐயா என்று கேட்பவர்கள் சிலரே.

சீகன்பால்குவுக்கு இன்று சிலை உண்டு, நினைவு விழா உண்டு. உயிரோடு இருந்தபோது வேண்டியிருந்த ஒரு நல்ல வார்த்தை மட்டும் அவரைத் தேடி வரவில்லை. நம் போதகர்களுக்கு அது காலம் தாழ்த்தாமல் போய்ச் சேரட்டும். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலில் கைகொடுக்கும்போதே சொல்லிவிடலாம். போதகரின் மனைவியையும் மறக்க வேண்டாம்.