கண்ணொளி வழங்கிய மருத்துவர்

கோவில்பட்டியையும் எட்டயபுரத்தையும் சூழ்ந்து பரந்து கிடப்பது கரிசல் நிலம். அது வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தியும் கம்பும் சோளமும் விளையும். பொய்த்தால் உழவர் வீட்டில் அடுப்பெரிவதும் அரிது. அந்நிலத்துச் சிற்றூர்களுள் ஒன்றாகிய அயன்வடமலாபுரத்தில், 1918ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாளன்று, உழவர் குடியொன்றில் தோன்றியவர் வெங்கடசாமி.

அவர் இளமையில் எழுதப் பழகியது மணலில்தான். பலகையும் தாளும் வாங்க வசதியற்ற காலம் அது. ஊரில் மருத்துவரும் இலர். உறவினப் பெண்கள் மூவர் பேறுகாலத்தில் உரிய உதவி கிட்டாமல் உயிர் நீத்தனர். அத்துயரம் சிறுவனின் நெஞ்சில் ஆழப் பதிந்தது. மகப்பேற்று மருத்துவராகித் தாய்மாரைக் காப்பதென அவர் உறுதி பூண்டார்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்று 1938இல் பட்டம் பெற்றார்; சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944இல் மருத்துவப் படிப்பை முடித்தார்; பின்னர்ப் படை மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். கருதிய வாழ்வு கைகூடும் வேளையில் கொடிய முடக்குவாதம் அவரைத் தாக்கியது. 1948இல் படைப்பணியினின்று விலக நேர்ந்தது. நெடுங்காலம் படுக்கையிற் கிடந்தார். நோயின் கடுமை தணிந்தபின்னும் வளைந்த விரல்கள் நிமிரவில்லை. எழுதுகோலைப் பற்றுவதும் அரிதாயிற்று. மகப்பேற்று மருத்துவராகும் எண்ணத்தை அவர் கைவிட வேண்டியதாயிற்று.

எனினும் அவர் உள்ளம் மடிந்துவிடவில்லை. கண் மருத்துவத்தின்பால் கருத்தைச் செலுத்தி, 1954இல் அத்துறையின் மேற்பட்டத்தைப் பெற்றார். தம் விரல்களுக்கு ஏற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு, நுண்ணிய கத்தியைப் பிடிக்கச் சிறிது சிறிதாகப் பழகினார். நிமிராத அவ்விரல்களே பிற்காலத்தில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட கண்களில் அறுவை மருத்துவம் செய்தன.

1956 முதல் மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைக்குத் தலைமை தாங்கினார். கண்மணியின் உள்ளே பளிங்குபோல் தெளிந்திருக்கும் வில்லை முதுமையில் மங்குவதே கண்புரை. எளிய அறுவையால் அது நீங்கும். எனினும் சிற்றூர்களில் எண்ணற்றோர் பார்வையிழந்து திண்ணைகளில் முடங்கிக் கிடந்தனர். பார்வையற்றவர் தனியே நகரம் செல்லல் இயலாது. துணைக்கு ஒருவர் வரவேண்டும். அவர் அன்றைய கூலியை இழக்கவேண்டும். வண்டிக்கூலியும் உணவுச் செலவும் வேறு. மருத்துவம் இலவசமே ஆயினும் அதனை அடையும் வழி அடைபட்டிருந்தது. இதனை உணர்ந்த வெங்கடசாமி, 1960 முதல் சிற்றூர்களுக்கே சென்று கண் மருத்துவ முகாம்களை நடத்தலானார். மருந்தாலும் அறுவையாலும் பார்வை மீளாதோரையும் அவர் மறந்தாரல்லர். அவர்களுக்கென 1966இல் ஒரு மறுவாழ்வு நிலையம் தோன்றச் செய்தார்.

1976இல் அரசுப் பணியினின்று ஓய்வு பெற்றதும், உடன்பிறந்தாரின் துணையோடு, பதினொரு படுக்கைகளே கொண்ட கண் மருத்துவமனை ஒன்றை மதுரையில் நிறுவினார். தாம் போற்றிய ஸ்ரீ அரவிந்தரின் பெயரை அதற்குச் சூட்டினார். முகாமில் தேர்ந்தெடுக்கப்பட்டோரை மருத்துவமனையே வண்டியில் அழைத்துவந்து, உணவளித்து, அறுவை செய்து, ஊருக்கு அனுப்பியது. செல்வர் கட்டணம் செலுத்தினர், இயலாதோர் செலுத்தவில்லை. தங்கும் அறையில் வேறுபாடு இருந்ததுண்டு. செல்வரின் கண்ணைத் தொட்ட மருத்துவரே ஏழையின் கண்ணையும் தொட்டார்.

ஆயினும் ஒரு குறை எஞ்சி நின்றது. மங்கிய வில்லையை அகற்றி, அவ்விடத்தில் செயற்கை வில்லையைப் பொருத்தும் முறை பரவியபோது, அவ்வில்லை வெளிநாட்டிலிருந்தே வந்தது, விலையும் மிகுதி. ஆதலால் ஏழையர் பலர் அறுவைக்குப்பின் தடித்த மூக்குக்கண்ணாடியுடனேயே காலங்கழித்தனர். இவ்வேற்றுமையைக் களைதற்பொருட்டு, அவ்வில்லைகளைக் குறைந்த விலையில் செய்யும் தொழிற்கூடம் 1992இல் மதுரையில் நிறுவப்பட்டது. அதன்பின் செல்வர்க்குக் கிட்டிய தெளிந்த பார்வை ஏழையர்க்கும் கிட்டலாயிற்று.

இந்திய அரசு 1973இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது. தாம் பிறந்த கரிசல் நிலத்திற்கு அண்மையிலுள்ள திருநெல்வேலியிலும் 1988இல் அவருடைய மருத்துவமனை எழுந்தது. 2006ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

உடற்குறை உடையார் பிறர் இரக்கத்தை எதிர்நோக்கி வாழவேண்டியவர் அல்லர். தக்க கருவியும் வாய்ப்பும் கிடைப்பின் அவரும் பெரும்பணி ஆற்றுவர் என்பதற்கு வெங்கடசாமியே சான்று. மருத்துவமனையின் வாயிலைத் திறந்துவைத்தல் மட்டும் போதாது; நடக்க இயலாதாரும் காண இயலாதாரும் அவ்வாயிலை வந்தடைய வழிசெய்தலும் சமுதாயத்தின் கடமையாகும். இவ்வுண்மையைச் செயலிற் காட்டிய அப்பெரியாரின் வாழ்வு மாணவர் அனைவரும் எண்ணிப் போற்றத்தக்கது.