வல்வில் ஓரி

வல்வில் ஓரி சங்க காலத்தில் கொல்லிமலையை ஆண்ட குறுநில மன்னன் ஆவான். கடையெழு வள்ளல்களுள் ஒருவனான இவன், விற்போரில் சிறந்து விளங்கியதால் 'வல்வில்' என்னும் அடைமொழியைப் பெற்றான். புறநானூற்றின் 153ஆம் பாடல் இவனை ஆதன் ஓரி எனக் குறிப்பிடுகிறது. இவன் ஆண்ட கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது.

வரலாற்று மூலங்கள்

ஓரியைப் பற்றிய செய்திகள் புறநானூறு, அகநானூறு, நற்றிணை, குறுந்தொகை, சிறுபாணாற்றுப்படை ஆகிய நூல்களில் காணப்படுகின்றன. இப்பாடல்களில் ஆண்டுக் குறிப்பு எதுவும் இல்லை. உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த பின்னரே ஓரியின் வரலாறு பொதுமக்களிடம் பரவலாக அறியப்பட்டது.

வில்லாற்றல்

புறநானூற்றின் 152ஆம் பாடலில் புலவர் வன்பரணர் ஒரு வேட்டையைப் பாடியுள்ளார். வேட்டுவன் ஒருவன் எய்த அம்பு, யானையை வீழ்த்தி, வாய்பிளந்த புலியைக் கொன்று, புள்ளிமானை உருட்டி, காட்டுப்பன்றியைச் சாய்த்து, இறுதியில் புற்றில் இருந்த உடும்பின் உடலில் சென்று தைத்தது. அவன் யார் என அறியாத பாணர் கூட்டத்தினர், இசைக்கருவிகளை முழக்கி, இருபத்தொரு துறைகளிலும் பாடிய பின் தலைவனைப் புகழ்ந்தனர். தன் பெயரைக் கேட்டதும் அவன் நாணினான். பின்னர் வேட்டையாடிய மானின் இறைச்சியையும், உருக்கிய நெய் போன்ற மதுவையும், தன் மலையில் பிறந்த பொன்னையும் மணிகளையும் காட்டுவழியிலேயே அவர்களுக்கு வழங்கினான்.

ஓர் அம்பு ஐந்து விலங்குகளைத் துளைத்தது என்பதைப் புலவரின் உயர்வு நவிற்சியாகவே கொள்ள வேண்டும். எனினும் எய்பவனின் திறமையோடு கருவியின் செம்மையும் சேர்ந்தால்தான் குறி தப்பாது என்பது எக்காலத்துக்கும் பொருந்தும். அம்பின் தண்டு சிறிதளவு வளைந்திருந்தாலும் அது இலக்கை விட்டு விலகும். இக்காலத்துப் போல்ட் வகைத் துப்பாக்கிகளிலும் இதே அடிப்படையைக் காணலாம். போல்ட்டின் முகப்பு குழலின் அச்சுக்குச் செங்குத்தாக அமையுமாறு கடைந்து சீராக்குவர். போல்ட்டைப் பூட்டும் புடைப்புகள் இரண்டும் ஒரே அளவில் பதியுமாறு அரைப்புப் பசையிட்டுத் தேய்ப்பர். ஒரு புடைப்பு மட்டும் சுமை தாங்கினால், சுடும்போது போல்ட் ஒருபுறமாக நெகிழ்ந்து, குண்டுகள் ஒரே இடத்தில் படாமல் சிதறும்.

கொடை

153ஆம் பாடலின்படி, ஓரியைக் காணச் சென்ற கலைஞர்கள் மணிகளால் ஆன குவளைக் கண்ணியும் அணிகலன்களும் யானைகளும் பெற்றனர். உண்டு களித்ததில் ஆடுவதையும் பாடுவதையும் மறந்தனர். கூத்தர்களுக்கு இவன் நாடுகளையே வழங்கினான் என்று சிறுபாணாற்றுப்படை கூறுகிறது. கழைதின் யானையார் இவனைப் பாடிய புறநானூற்று 204ஆம் பாடல், இரத்தலின் இழிவையும் ஈதலின் உயர்வையும் எடுத்துரைக்கிறது.

இறப்பு

முள்ளூர் மன்னன் மலையமான் திருமுடிக்காரி, ஓரியுடன் போரிட்டு அவனைக் கொன்றான். காரியின் குதிரைக்குக் காரி என்றும், ஓரியின் குதிரைக்கு ஓரி என்றும் பெயர். வென்ற கொல்லிமலையைக் காரி சேரர்க்கு அளித்தான் என்று அகநானூற்றின் 209ஆம் பாடலில் கல்லாடனார் கூறுகிறார். ஓரியைக் கொன்ற காரி அவன் ஊர்ப் பெருந்தெருவில் நுழைந்தபோது எழுந்த பேரொலியைக் கபிலர் நற்றிணை 320இல் உவமையாக்கியுள்ளார். கொன்றவன், கொல்லப்பட்டவன் இருவருமே கடையெழு வள்ளல்களுள் வைத்துப் போற்றப்படுகின்றனர் என்பதும், காரியின் கொடையைப் பாடியவரும் கபிலரே என்பதும் இங்குக் கருதத்தக்கவை. கொடையாளர் என்ற புகழ் இருவரையும் போரிலிருந்து விலக்கவில்லை.

நினைவு

கொல்லிமலையில் வாழவந்தி நாடு ஊராட்சியைச் சேர்ந்த செம்மேட்டில் ஓரிக்குச் சிலை அமைக்கப்பட்டுள்ளது. ஆடித் திங்கள் 17, 18ஆம் நாட்களில் தமிழக அரசின் சார்பில் வல்வில் ஓரி விழா நடத்தப்படுகிறது. விழாவின் ஒரு பகுதியாக வில்வித்தைப் போட்டியும் இடம்பெறுகிறது.