புத்தகத்துக்கு ஆள் தேடிய கணக்கு வாத்தியார்

சென்னைக்கு மேற்கே, திருமழிசையைத் தாண்டினால் குத்தம்பாக்கம். அந்த ஊரில் பத்துப் பேர் கூடி ஒரு வாசகர் வட்டம் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஒரு தலைப்பு. தலைப்புக்குப் பொருந்தும் புத்தகம் ஒன்றை ஒவ்வொருவரும் தேடிப் படித்துவிட்டு வந்து, மற்றவர்களுக்குச் சொல்லவேண்டும். அதுதான் போட்டி!

இந்த மாதத் தலைப்பு, ஏரி.

செம்பரம்பாக்கம் ஏரி பக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே தலைப்பு எல்லோருக்கும் பிடித்துப்போகிறது. ஆனால் புத்தகம்? அட்டையில் ஏரி என்று இருந்தால் போதுமா? நெல் பயிரிடுகிறவர், மதகு பற்றியும் கலங்கல் பற்றியும் தெரிந்துகொள்ள விரும்புவார். கல்லூரி மாணவிக்கு, அந்தக் காலத்து அரசர்கள் ஏரி வெட்டிய வரலாறு வேண்டும். இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் பாட்டிக்கோ, பெரிய எழுத்தில் ஒரு கதை வேண்டும். தலைப்பு ஒன்றுதான். புத்தகம் ஒன்று அல்ல.

இந்தச் சிக்கலை அவிழ்ப்பதற்காகவே வாழ்நாளைச் செலவிட்ட தமிழர் ஒருவர் உண்டு. அவர்தான் சீர்காழி ராமாமிர்தம் ரங்கநாதன். சுருக்கமாக, எஸ்.ஆர்.ரங்கநாதன்.

மறந்துபோன மனு

ரங்கநாதன் 1892-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிறந்தார். சொந்த ஊர் சீர்காழி. தந்தை ராமாமிர்த அய்யர், நிலபுலம் உள்ளவர். ராமாயணம் படித்துச் சொல்லுவதில் விருப்பம் கொண்டவர். முப்பது வயதிலேயே அவர் இறந்துவிட்டார். அப்போது பையனுக்கு ஆறு வயது. தாய் சீதாலட்சுமி மகனைப் படிக்க வைத்தார்.

பையனுக்குத் திக்குவாய். ஆனால் கணக்கில் சூரப்புலி! சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்து 1913-ல் பி.ஏ., 1916-ல் எம்.ஏ. தேறினார். அங்கே அவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் எட்வர்ட் ராஸ் என்ற வெள்ளைக்காரப் பேராசிரியர். மாணவனும் ஆசிரியரும் கடைசி வரை நண்பர்களாக இருந்தார்கள்.

படிப்பு முடிந்ததும் மங்களூர், கோவை, பிறகு சென்னை மாநிலக் கல்லூரி என்று கணக்கு ஆசிரியர் வேலை. மாணவர்களுக்கு அவரிடம் பிரியம். அவருக்கும் அந்த வேலையில் ஒரு குறையும் இல்லை, சம்பளத்தைத் தவிர!

1923-ல் சென்னைப் பல்கலைக்கழகம், தன் நூல் நிலையத்துக்கு ஒரு தலைவரைத் தேடியது. சம்பளம் நல்ல சம்பளம். சுமார் 900 பேர் மனுப் போட்டார்கள். அவர்களில் ஒருவர்கூட நூலக வேலை படித்தவர் இல்லை. அப்படி ஒரு படிப்பு இருப்பதே பலருக்குத் தெரியாத காலம் அது. ரங்கநாதனும் மனுப் போட்டார். போட்டதையே மறந்தும்போனார். திடீரென்று பேட்டிக்கு அழைப்பு வந்தது. என்ன செய்வார், பாவம்! நூல் நிலையம் என்றால் என்ன என்று கலைக்களஞ்சியம் ஒன்றில் புரட்டிப் படித்துவிட்டுப் போனார். வேலை அவருக்கே கிடைத்தது.

தனிமைச் சிறை

1924 ஜனவரியில் பதவி ஏற்றார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, மனம் வெறுத்துவிட்டது. பெரிய அறை. சுற்றிலும் பீரோக்கள். பேச ஆள் இல்லை. வகுப்பு நிறைய மாணவர்களோடு பழகியவருக்கு அந்த அமைதி சிறையாகத் தோன்றியது. கணக்கு வாத்தியார் வேலையையே திருப்பித் தரும்படி கேட்டுப் போய் நின்றார்.

மேலதிகாரிகள் ஒரு வழி சொன்னார்கள். லண்டன் போய், அங்கே நூல் நிலையங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்து வரட்டும். அதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால், பழைய வேலைக்கே போகலாம். ரங்கநாதன் கப்பல் ஏறினார்.

லண்டனில் நூலகக் கல்வி பெற்றார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் சேயர்ஸ் என்பவர். குராய்டன் என்ற இடத்தின் பொது நூலகத்துக்குத் தலைவரும் அவரே. நூற்றுக்கும் மேற்பட்ட நூல் நிலையங்களை ரங்கநாதன் சுற்றிப் பார்த்தார். குழந்தைகள் வருகிறார்கள், தொழிலாளிகள் வருகிறார்கள், வீட்டுப் பெண்கள் வருகிறார்கள். புத்தகம் கேட்கிறார்கள், எடுத்துப் போகிறார்கள். சென்னையிலோ புத்தகங்கள் பூட்டிய பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தன!

கணக்கு ஆசையை அன்றே மூட்டை கட்டி வைத்தார்.

பொம்மைக் கடை

ஒரு நாள் லண்டனில் பெரிய கடை ஒன்றில் ஒரு விளையாட்டுப் பெட்டியைப் பார்த்தார். மெக்கானோ என்று அதற்குப் பெயர். உள்ளே துளை போட்ட தகடுகள், சக்கரங்கள், திருகாணிகள். கடைக்காரர் அவற்றை மாட்டினார். ஒரு பொம்மை ஆயிற்று. கழற்றி, வேறு மாதிரி மாட்டினார். வேறு பொம்மை! துண்டுகள் அதே துண்டுகள்தான்.

பார்த்துக்கொண்டிருந்த ரங்கநாதனுக்குப் பளிச்சென்று ஒரு யோசனை தோன்றியது.

அந்த நாளில் புத்தகங்களை அடுக்குவதற்கு அமெரிக்கர் டூயி 1876-ல் வெளியிட்ட முறையைத்தான் பல நாடுகளில் பின்பற்றினார்கள். ஒவ்வொரு விஷயத்துக்கும் ஓர் எண் முன்கூட்டியே தயாராக இருக்கும். தைத்து வைத்த சட்டை மாதிரி. பொருந்துகிறவருக்குச் சரி. பொருந்தாதவர் என்ன செய்வார்? தஞ்சாவூரில் நெற்பயிருக்கு வரும் பூச்சியை ஒழிப்பது பற்றி ஒரு புத்தகம் வந்தால், அதை விவசாயம் என்ற பெரிய கூடையில் போட்டுவிடுவார்கள். தேடி வருகிறவர் கூடை முழுவதையும் கிளற வேண்டும்.

ரங்கநாதன் சட்டையைத் தைத்து வைக்கவில்லை. துணியை வெட்டித் துண்டு துண்டாக வைத்தார். விவசாயம் ஒரு துண்டு. நெல் ஒரு துண்டு. நோய் ஒரு துண்டு. தஞ்சாவூர் ஒரு துண்டு. ஆண்டு ஒரு துண்டு. புத்தகம் வந்ததும், அதற்கு வேண்டிய துண்டுகளை எடுத்துக் கோத்தால் சரி. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே முக்காற்புள்ளி வைத்தார். அதனால் கோலன் முறை என்று பெயர் வந்தது. ஊர் திரும்பும்போது கப்பலில் இருந்த புத்தகங்களையே தன் முறைப்படி அடுக்கிப் பார்த்தாராம்! 1933-ல் அது அச்சாகி வெளிவந்தது.

பின்னாளில் அந்தத் துண்டுகளை ஐந்து கேள்விகளாக வகுத்தார். எது பற்றி? எதனால் ஆனது? என்ன நடக்கிறது? எங்கே? எப்போது?

குத்தம்பாக்கத்து வாசகர் வட்டத்துக்கு இப்போது திரும்பலாம். ஏரி என்ற தலைப்பை இந்தக் கேள்விகளில் போட்டுப் பாருங்கள். எந்த ஏரி? கரை பற்றியா, தண்ணீர் பற்றியா, மீன் பற்றியா? வெட்டியதா, தூர் எடுப்பதா, உடைந்ததா? நம் ஊரிலா, அயல்நாட்டிலா? பல்லவர் காலமா, இந்தக் காலமா? கேட்கக் கேட்க, ஒரே தலைப்பு பத்துக் கிளையாகப் பிரிகிறது. அலமாரி முன்னால் விழித்துக்கொண்டு நிற்பவருக்கும் எதைக் கேட்கவேண்டும் என்று தெரிந்துவிடுகிறது.

கோலன் முறையைக் கற்பது சுலபம் அல்ல. உலகத்தில் இன்றும் டூயி முறையை வைத்திருக்கும் நூல் நிலையங்களே மிகுதி. ஆனால் ரங்கநாதன் கேட்ட கேள்விகளை நூலகத் துறையில் யாரும் தள்ளிவிட முடியவில்லை.

வாசகர் முகம்

அலமாரியைச் சரி செய்தால் போதாது, ஆளையும் பார்க்கவேண்டும் என்பது ரங்கநாதனின் கட்சி. சென்னைக்குத் திரும்பியதும் பீரோக்களைத் திறந்துவிட்டார். வாசகர்கள் தாங்களே அலமாரிக்குள் போய்ப் புத்தகத்தைத் தொட்டுப் பார்க்கலாம் என்று ஆக்கினார். வருகிறவரோடு பேசி, அவர் மனதில் இருப்பதை அறிந்து, ஏற்ற நூலைக் காட்டுவதற்கென்றே ஆட்களை வைத்தார். விவசாயப் புத்தகம் கேட்டு வருகிறவருக்கு உண்மையில் வேண்டியது பூச்சி மருந்து பற்றிய ஒரு பக்கமாக இருக்கலாம். அதைப் பேசித்தானே தெரிந்துகொள்ளவேண்டும்?

1928-ம் ஆண்டு அவருக்கு இடி போன்ற ஒரு துக்கம். மனைவி ருக்மிணி குளத்தில் தவறி விழுந்து இறந்துபோனார். அந்த ஆண்டின் இறுதியில்தான், தம் வேலைக்கு அடிப்படை விதிகள் எவை என்று அவர் மூளையைக் குழப்பிக்கொண்டிருந்தார். ஒரு மாலை பழைய ஆசிரியர் ராஸ் வந்தார். மாணவன் படும் பாட்டைப் பார்த்தார். புத்தகம் இருப்பதே பயன்படுத்தத்தானே என்ற கருத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். முடிச்சு அவிழ்ந்தது! மற்ற நான்கு விதிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. படிப்பவர் எவரானாலும் அவருக்கு உரிய நூல் கிடைக்கவேண்டும். எந்த நூலுக்கும் அதைப் படிக்கும் ஆள் கிடைக்கவேண்டும். தேடுகிறவரின் நேரம் வீணாகக்கூடாது. நூலகம் என்பது வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர். இவற்றை விளக்கி 1931-ல் அவர் வெளியிட்ட நூல், உலகெங்கும் நூலகம் படிப்பவர்களுக்குப் பாடமாயிற்று.

இரண்டாவது விதியைக் கவனியுங்கள். பட்டதாரிக்கு மட்டும் என்று அவர் சொல்லவில்லை. கிராமத்தானுக்கும் புத்தகம் வேண்டும். கிராமத்தான் பட்டணம் வர முடியாதே! அதே 1931-ம் ஆண்டு அக்டோபரில் மன்னார்குடி வட்டாரத்தில் ஒரு மாட்டு வண்டி புறப்பட்டது. உள்ளே புத்தகங்கள். கனகசபைப் பிள்ளை என்ற என்ஜினீயரின் முயற்சி அது. ரங்கநாதனும் அதற்குத் துணை நின்றார். மேலவாசல் கிராமத்தில் தொடங்கி, ஊர் ஊராக வண்டி போயிற்று.

ரூபாய்க்கு ஆறு பை

வண்டி நல்லதுதான். ஆனால் தர்மப் பணம் எத்தனை நாளைக்கு வரும்? சட்டம் போட்டு வரி வாங்கி, ஊருக்கு ஊர் நூல் நிலையம் வைக்கவேண்டும் என்றார் ரங்கநாதன். 1930-லேயே மாதிரிச் சட்டம் ஒன்றை எழுதினார். ஆண்டுகள் ஓடின. ஒன்றும் நடக்கவில்லை. அவர் 1945-ல் சென்னை வேலையை விட்டுக் காசிப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பிறகு டில்லிக்குப் போனார்.

சுதந்திரம் வந்தது. அப்போது அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தார். 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் ஒரு மாகாணம் நூலகத்துக்கென்று இயற்றிய முதல் சட்டம் அது. சொத்து வரியிலும் வீட்டு வரியிலும் ரூபாய்க்கு ஆறு பை வீதம் நூலக வரி. ஆறு பை என்றால் அரை அணா. பதினெட்டு ஆண்டு காத்திருந்ததற்குக் கிடைத்த அரை அணா!

ரங்கநாதன் அதோடு ஓயவில்லை. 1957-ல் பத்மஸ்ரீ பட்டம் பெற்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகக் கல்விக்குப் பேராசிரியர் பதவி ஏற்படுத்த, தாம் சேர்த்துவைத்த ஒரு லட்ச ரூபாயையும் கொடுத்தார். இரண்டாவது மனைவி சாரதாவின் பெயரையும் அந்தப் பதவிக்குச் சேர்த்து வைத்தார்கள். 1962-ல் பெங்களூரில் நூலக ஆராய்ச்சிப் பயிற்சி நிலையம் தொடங்கினார். அதே ஊரில் 1972 செப்டம்பர் 27-ல் காலமானார். அப்போது அவருக்கு வயது 80.

ஆறு பை இப்போது இல்லை. தமிழ்நாட்டில் நூலக வரி ரூபாய்க்குப் பத்துப் பைசா ஆகிவிட்டது. வீட்டு வரியோடு சேர்த்து அதை வசூலிக்கிறார்கள். குத்தம்பாக்கத்துக்கும் அதே சட்டம்தான். வாசகர் வட்டத்துப் பாட்டி, ஏரிக்கதை ஒன்றைப் பெரிய எழுத்தில் கேட்டு நூலகத்துப் படி ஏறினால் கூச்சப்பட வேண்டியதில்லை. அதற்கு உரிய காசை அவர் வீட்டில் முன்னமே கட்டியிருக்கிறார்கள்.