கேட்டுப் பெற்ற கல்வி: கணித மேதை இராமானுஜனும் உதவித்தொகையும்

கல்வி கற்க விரும்பும் ஏழை மாணவனுக்குத் தடைகள் இரண்டு. ஒன்று கையில் பொருள் இல்லாமை. மற்றொன்று, பிறரிடம் சென்று உதவி கேட்க நாணுதல். முதல் தடையைப் பற்றி எல்லோரும் பேசுகின்றனர். இரண்டாவது தடையோ வெளியே தெரிவதில்லை. ஆயினும் எத்தனையோ மாணவர்களின் படிப்பு இந்த நாணத்தினாலேயே பாதியில் நின்றுவிடுகிறது.

நம் கொங்கு நாட்டின் சோமனூர்ப் பகுதியை எடுத்துக்கொள்வோம். விசைத்தறி ஓசை கேட்டு வளர்ந்த பிள்ளைகள் பலர் அங்கிருந்து கல்லூரிக்கு வருகின்றனர். கூலிக்கு நெய்யும் குடும்பத்தில் பாவு வந்தால்தான் தறி ஓடும். தறி ஓடினால்தான் வீட்டில் காசு புரளும். ஒரு மாதம் இருக்கும் வருமானம் மறு மாதம் இருப்பதில்லை. அத்தகைய வீட்டுப் பிள்ளை உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுத உட்காரும்போது, நம் வீட்டுக் கஷ்டத்தை நான்கு பேர் அறியச் சொல்ல வேண்டுமா என்று தயங்கிப் பேனாவைக் கீழே வைத்துவிடுவதுண்டு. அந்தத் தயக்கம் உடையோர், உலகம் போற்றும் கணித மேதை சீனிவாச இராமானுஜனின் வாழ்வை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலம். அவர் வாழ்வு எண்களின் வரலாறு மட்டுமன்று. விண்ணப்பங்களின் வரலாறும் ஆகும்.

ஈரோட்டில் பிறந்த குழந்தை

சோமனூரில் கிழக்கு நோக்கிச் செல்லும் புகைவண்டியில் ஏறினால் திருப்பூரைக் கடந்து ஈரோட்டை அடையலாம். அந்த ஈரோட்டில்தான் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இராமானுஜன் பிறந்தார். அவருடைய தாய்வழிப் பாட்டனார் ஈரோடு முன்சீப் கோர்ட்டில் அமீனாவாக வேலை பார்த்தவர். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதும் குமாஸ்தா. தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடிச் சிறு தொகை பெற்று வந்தார். வெளியூர் மாணவர்களுக்கு வீட்டில் இடம் கொடுத்து, அதில் கிடைப்பதையும் கொண்டு குடும்பம் நடந்தது. நெய்த துணியை விற்கும் கடையின் கணக்கப்பிள்ளை வீட்டு நிலையும், துணியை நெய்யும் வீட்டின் நிலையும் பெரிதும் வேறுபட்டவை அல்ல என்பதை நம் பகுதி மாணவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

1897ஆம் ஆண்டு நடந்த தொடக்கப் பள்ளித் தேர்வில் இராமானுஜன் தஞ்சை மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றார். அதன் பயனாகக் கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் அவருக்கு அரைச் சம்பளச் சலுகை கிடைத்தது. அவர் வாழ்வில் வந்த முதல் கல்வி உதவி இதுவே. அப்போது அவருக்கு வயது பத்து.

கிடைத்ததும் இழந்ததும்

பள்ளியில் படிக்கும்போதே கார் என்பவர் தொகுத்த கணித நூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்களை வரிசையாக அடுக்கி, நிரூபணங்களைப் பெரும்பாலும் சொல்லாமல் விட்ட நூல் அது. இராமானுஜன் அவற்றைத் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கினார். அன்று பற்றிய கணித ஆர்வம் இறுதிவரை அவரை விடவில்லை.

1903ஆம் ஆண்டு இறுதியில் மெட்ரிகுலேஷன் தேறி, 1904இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் எப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். ஆங்கிலத்திலும் கணிதத்திலும் சிறந்து விளங்கியோர்க்கு வழங்கப்பட்ட சுப்பிரமணியம் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. ஆனால் வகுப்பில் எந்தப் பாடம் நடந்தாலும் அவர் மனம் கணிதத்திலேயே தோய்ந்திருந்தது. ஆங்கிலத்தில் தேறவில்லை. மேல்வகுப்புக்கு மாற்றப்படவில்லை. உதவித்தொகையும் நின்றுபோயிற்று.

உதவித்தொகை நின்றதால் சம்பளம் கட்ட வழியில்லை. 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், வீட்டில் எவரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். பெற்றோர் பதறிப் போய்ப் பத்திரிகையில் விளம்பரம் செய்தனர். சில காலம் அலைந்து திரும்பியவர் மீண்டும் கல்லூரிக்குப் போனார். வருகை நாட்கள் போதாமையால் அந்த ஆண்டுச் சான்றிதழும் கிடைக்கவில்லை.

இங்கே கல்லூரியை மட்டும் குறை கூறுதல் முறையன்று. விதி எல்லோர்க்கும் பொது. ஆனால் ஒரு மாணவன் ஒரு பாடத்தில் ஏன் தவறினான் என்று கேட்க அந்த விதியில் இடமில்லாமல் போயிற்று. சில ரூபாய்கள் நின்றதனால் ஒரு மேதை ஊரை விட்டே ஓட நேர்ந்தது.

1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து மறுமுறை முயன்றார். பச்சையப்ப முதலியார் என்ற வள்ளல் விட்டுச் சென்ற அறநிதியில் எழுந்த கல்லூரி அது. அங்கும் நோயுற்று ஊர் திரும்பினார். 1907ஆம் ஆண்டு டிசம்பரில் தனித்தேர்வராக எப்.ஏ. எழுதினார். கணிதத்தில் தேறினார், மற்றப் பாடங்களில் தவறினார். அத்தோடு அவருடைய கல்லூரிப் படிப்பு முடிந்தது. பட்டம் இல்லை, உத்தியோகம் இல்லை. கையில் இருந்தவை கணக்குகள் நிரம்பிய நோட்டுப் புத்தகங்கள் மட்டுமே.

படி ஏறிய வாசல்கள்

1909இல் இராமானுஜனுக்கும் ஜானகி அம்மையாருக்கும் திருமணம் நடந்தது. குடும்பப் பொறுப்பு வந்தபின் அவர் செய்த செயலே நாம் கருத வேண்டியது. அவர் வீட்டில் முடங்கவில்லை. நோட்டுப் புத்தகங்களைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் வாசலாகப் படி ஏறினார்.

1910ஆம் ஆண்டு திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த இராமசாமி ஐயரைச் சென்று கண்டார். இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர் அவரே. தாலுகா அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை தந்தால் போதும் என்பது இராமானுஜனின் வேண்டுகோள். நோட்டைப் புரட்டிப் பார்த்த ஐயரோ, இத்தகைய அறிவைத் தாலுகாக் கச்சேரிக் காகிதங்களில் புதைக்க மனம் ஒப்பாமல், சென்னையில் இருந்த பேராசிரியர் சேஷு ஐயருக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். சேஷு ஐயர் கும்பகோணத்தில் இராமானுஜனுக்குப் பாடம் சொன்னவர். பழைய மாணவனை மறவாத அவ்வாசிரியர், நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவுக்கு அறிமுகக் கடிதம் எழுதினார்.

இராமச்சந்திர ராவ் கணிதம் அறிந்தவர். இராமானுஜன் சொல்வது மெய்தானா என்ற ஐயம் முதலில் அவருக்கும் இருந்தது. பேசப் பேச ஐயம் நீங்கியது. என்ன வேண்டும் என்று கேட்டபோது, உண்பதற்குக் கவலையின்றி ஆராய்ச்சி செய்யச் சிறு தொகை போதும் என்பதே இராமானுஜனின் விடையாக இருந்தது. மாதம் 25 ரூபாய் தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்து வந்தார் ராவ். 1911இல் இராமானுஜனின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை கணிதக் கழக இதழில் வெளிவந்தது.

ஆனால் உதவித்தொகை பெற்றுத்தர எடுத்த பிற முயற்சிகள் பலிக்கவில்லை. ஒருவரிடமே நெடுநாள் கைநீட்டி இருக்க இராமானுஜன் விரும்பவில்லை. 1912ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு வேலை கேட்டு விண்ணப்பித்தார். எப்.ஏ. வரை படித்ததையும், சூழ்நிலை காரணமாகப் படிப்பு நின்றதையும், காலமெல்லாம் கணிதத்தில் ஈடுபட்டிருப்பதையும் அதில் மறைக்காமல் எழுதினார். மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் சிபாரிசுக் கடிதம் தந்தார். மார்ச்சு முதல் நாள், மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும், கணித ஆசிரியராக இருந்து அங்கே பணிக்கு வந்த நாராயண ஐயரும் அவருக்கு உற்ற துணையாயினர்.

விதியும் விலக்கும்

1913 ஜனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு இராமானுஜன் கடிதம் எழுதிய வரலாறு எல்லோரும் அறிந்தது. அதே ஆண்டு சென்னையில் நடந்ததைப் பலர் அறியார். வானிலை ஆய்வுத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்திருந்தபோது இராமானுஜனின் கணக்குகளைக் கண்டு வியந்து, பிப்ரவரி 26ஆம் நாள் சென்னைப் பல்கலைக் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். கவலையின்றி ஆராய்ச்சி செய்ய இந்த இளைஞருக்குச் சில ஆண்டுகள் வழிசெய்ய வேண்டும் என்பது அதன் சாரம்.

விண்ணப்பம் சிண்டிகேட்டின் முன் வந்தது. ஆராய்ச்சி உதவித்தொகை முதுகலைப் பட்டம் பெற்றவர்க்கே உரியது என்பது விதி. இராமானுஜனோ எப்.ஏ.கூடத் தேறாதவர். மறுப்பதற்கு ஓர் அலுவலகக் குறிப்பே போதுமாயிருந்தது. ஆனால் ஆராய்ச்சியை வளர்ப்பதே பல்கலைக் கழகச் சட்டத்தின் நோக்கம், அந்த நோக்கத்துக்காகவே விதிகள் ஏற்பட்டன என்ற கருத்து அங்கே எழுந்து வென்றது. மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை வழங்கப்பட்டது. குமாஸ்தாச் சம்பளத்தைப் போல் இரண்டரை மடங்கு! மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆராய்ச்சி அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. இராமானுஜன் புறப்படுமுன் மூன்று அறிக்கைகளையும் தவறாமல் எழுதிக் கொடுத்தார். பெற்ற பணத்துக்குக் கணக்குக் காட்டும் கடமையை அவர் சிறிதும் அலட்சியம் செய்யவில்லை.

1905இலும் விதி இருந்தது. 1913இலும் விதி இருந்தது. முன்னதில் விதி மட்டும் பேசியது. பின்னதில் அவருக்காகப் பரிந்து பேச மனிதர்கள் இருந்தனர். அம்மனிதர்கள் தாமாக வந்துவிடவில்லை. நோட்டுப் புத்தகத்தோடு அவர் படி ஏறியதனால் கிடைத்தவர்கள் அவர்கள்.

கடல் கடந்த பின்

1914இல் கேம்பிரிட்ஜிலிருந்து சென்னை வந்த நெவில் என்ற கணித அறிஞர் பல்கலைக் கழகத்துக்கு எடுத்துரைக்க, ஸ்பிரிங் கவர்னர் மாளிகை வரை எடுத்துச் சொல்ல, ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை கிடைத்தது. அக்கால மதிப்பில் பவுனுக்கு 15 ரூபாய் வீதம் அது 3,750 ரூபாய். பயணச் செலவு வேறு. அத்தொகையிலிருந்து மாதம் 60 ரூபாய் தம் தாயாருக்குக் கிடைக்கும்படி ஏற்பாடு செய்துவிட்டு, மார்ச்சு 17ஆம் நாள் அவர் கப்பல் ஏறினார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரியும் ஆண்டுக்கு 60 பவுன் கொடுத்து உதவியது. 1916இல் ஆராய்ச்சிக்காகப் பி.ஏ. பட்டம் பெற்றார். 1918இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். டிரினிட்டிக் கல்லூரியின் பெலோவாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

போர்க்கால இங்கிலாந்தின் குளிரும், உணவுக் குறையும், ஓயாத உழைப்பும் அவர் உடலை வாட்டின. அவர் நோயாளியாகக் கிடந்த காலத்தில், ஆண்டுக்கு 250 பவுன் வீதம் ஐந்து ஆண்டுகளுக்கு வழங்குவதாகச் சென்னைப் பல்கலைக் கழகம் அறிவித்தது. அதற்கு அவர் 1919 ஜனவரி 11ஆம் நாள் இலண்டனிலிருந்து பதிவாளர் டியூஸ்பரிக்கு எழுதிய மறுமொழியே இக்கட்டுரையின் உயிர்நிலை. இந்தியா திரும்பிய பின் தமக்கு வரும் தொகை தம் தேவைக்கு மிக அதிகமாக இருக்கும் என்றும், பெற்றோர்க்கு 50 பவுனும் தம் அவசியச் செலவும் போக எஞ்சுவதைக் கல்விக்கே பயன்படுத்த வேண்டும் என்றும் அவர் வேண்டினார். சிறப்பாக, ஏழைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகள் ஆகியோரின் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்கு நூல்கள் வாங்கவும் அதைச் செலவிட வேண்டும் என்பது அவர் விருப்பம்.

அரைச் சம்பளச் சலுகையில் படித்த பத்து வயதுச் சிறுவனை, உலகப் புகழ் பெற்ற அறிஞர் மறக்கவில்லை! சம்பளம் கட்ட முடியாமல் ஊரை விட்டு ஓடியவர், அந்த நிலை வேறொரு பிள்ளைக்கு வரலாகாது என்று நோய்ப் படுக்கையில் எண்ணினார்.

1919இல் தாயகம் திரும்பிய அவர், நம் கொங்கு நாட்டுக் காவிரிக் கரையான கொடுமுடியில் அவ்வாண்டுக் கோடையில் சில காலம் தங்கினார். உடல் தேறவில்லை. 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். அப்போது அவருக்கு வயது 32.

நமக்கு உரியது

இன்று நிலைமை பெரிதும் மாறியுள்ளது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்கு வரும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டு 9ஆம் நாள் கோவை அரசு கலைக் கல்லூரி வளாகத்திலேயே தொடங்கப்பெற்றது. இராமானுஜன் காலத்தில் கலெக்டரின் தனிப்பட்ட இரக்கமாக இருந்தது இன்று மாணவனின் உரிமையாகியிருக்கிறது. எனவே வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பதில் எவ்வித இழிவும் இல்லை. உலக மேதை ஏறிய படிகள்தாம் அவை.

மாணவ நண்பர்கள் ஒன்றை மறத்தலாகாது. இராமானுஜன் ஆங்கிலத்தில் தவறினார் என்று நாமும் தவறலாகாது. அவருக்கு அதனால் விளைந்தது எட்டு ஆண்டுத் துன்பம். பிடித்த பாடத்தைக் காக்கவேனும் பிடிக்காத பாடத்தைப் படித்தே ஆக வேண்டும். விண்ணப்பத்தின் கடைசி நாளையும், புதுப்பிக்க வேண்டிய நாளையும் தேர்வு நாளைப் போலவே நினைவில் கொள்ள வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு பணிவான விண்ணப்பம். சேஷு ஐயர் எழுதியது ஓர் அறிமுகக் கடிதம். மிடில்மாஸ்ட் எழுதியது ஒரு சிபாரிசு. அவற்றை எழுத அதிக நேரம் பிடித்திராது. வருகை குறைந்த மாணவனை அழைத்துக் காரணம் கேட்பதற்கும் அதிக நேரம் பிடிக்காது. அவன் வீட்டுத் தறி நின்று எத்தனை நாளாயிற்று என்பது அப்போதுதான் தெரியவரும்.

கேட்பவர் நாணாமல் கேட்கட்டும். கொடுப்பவர் சலிக்காமல் கொடுக்கட்டும். பெற்றவர் பின்னொரு நாள் அடுத்த பிள்ளையின் கட்டணத்தை நினைக்கட்டும். ஈரோட்டில் பிறந்த அம்மேதைக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.