மனத்தைப் பழக்கியவர்: சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர்

நினைவாற்றல் பிறவியிலேயே அமைய வேண்டும் என்று சொல்வோர் பலர். தேர்வு முடிவு வரும் நாளில் நம் கல்லூரி மரத்தடியில் சற்று நேரம் நின்றால் இந்தப் பேச்சு தவறாமல் காதில் விழும். அவனுக்கு வாய்த்த தலை அப்படி, நமக்கு வாய்த்தது இப்படி என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, அத்தோடு அந்தப் பாடத்தையே கைகழுவி விடுவோரும் உண்டு. இந்த எண்ணம் சரிதானா என்று கேட்டுப் பார்ப்பதற்குத் தமிழ்நாட்டில் வாழ்ந்த ஒருவரின் வாழ்க்கை உதவும். ஒரே அமர்வில் நூறு செய்திகளைக் கவனத்தில் நிறுத்திக் காட்டிச் சதாவதானி என்ற பட்டத்தைப் பெற்ற செய்குத்தம்பிப் பாவலரே அவர்.

நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பக்கீர் மீரான், தாயார் ஆமினா. வசதி படைத்த குடும்பம் அன்று. திண்டுக்கல் சந்திப்பில் ரயில் ஏறினால் நேரே போய் இறங்கிவிடக்கூடிய ஊர்தான் இன்று நாகர்கோவில். ஆனால் பாவலர் பிறந்த காலத்தில் அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. வீட்டிலும் தெருவிலும் தமிழ், பள்ளிக்கூடத்திலோ மலையாளம். சிறுவன் செய்குத்தம்பி எழுதப் படிக்கக் கற்றது மலையாளத்தில்தான். பிற்காலத்தில் தமிழ்ப் புலவர்கள் வியந்து போற்றிய ஒருவர் தாய்மொழியின் எழுத்தைப் பள்ளிக்கு வெளியே தேடிப் போய்ப் படிக்க வேண்டியிருந்தது.

இதன் அருமை நம் ஊர்க்காரர்களுக்கு எளிதில் விளங்கும். நாகல் நகரில் வீட்டில் சௌராஷ்டிரம் பேசி, பள்ளியில் தமிழ் படித்து, கல்லூரியில் ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டும் மாணவர்கள் நம்மோடு இருக்கிறார்கள். சுற்றுப்புறக் கிராமங்களில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ளவர்கள் இருக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒளிச்சேர்க்கை என்று படித்துவிட்டு, முதலாண்டில் அதையே வேறு பெயரில் படிக்கும்போது புதிய பாடமோ என்று மலைத்தவர்கள் அதைவிட அதிகம். ஒரு மொழியில் கற்றதை இன்னொரு மொழிக்குக் கொண்டு செல்வது மூளைக்குக் கடினமான வேலை. பாவலர் அந்த வேலையைச் சிறு வயதிலேயே செய்தார்.

கோட்டாற்றில் சங்கரநாராயண அண்ணாவியார் என்ற தமிழாசிரியரிடம் இலக்கண இலக்கியங்களைப் பாடம் கேட்டார். இசுலாமிய மாணவருக்கு இந்து ஆசிரியர். அன்றைய தமிழ்க் கல்வியில் இது யாருக்கும் வியப்பாகப் படவில்லை. அக்காலக் கல்விமுறையை நாம் குருட்டு மனப்பாடம் என்று எளிதாகத் தள்ளிவிடுகிறோம். எண்சுவடியில் முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, காணி என்றால் 80இல் ஒரு பங்கு, மா என்றால் 20இல் ஒரு பங்கு. இந்தப் பின்னங்களின் வாய்ப்பாட்டையெல்லாம் திண்ணைப் பள்ளிச் சிறுவர்கள் தாள் இல்லாமல் ஒப்பித்தார்கள். நிகண்டும் அந்தாதியும் அப்படியே தலையில் ஏறின. பொருள் தெரியாமல் ஒப்பிப்பதால் பயனில்லை என்பது உண்மைதான். ஆனால் தலைக்குள் சரக்கே இல்லாமல் சிந்தனை எதைக் கொண்டு நடக்கும்? அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டின் தொடக்கம். ஒன்றை இழுத்தால் மற்றது தானே வரும். எதுகையும் மோனையும் அப்படித்தான். தமிழ்ச் செய்யுள் என்பது மறக்காமல் இருப்பதற்காகவே முன்னோர் கட்டி வைத்த ஒரு கருவி என்று எனக்குத் தோன்றுகிறது. பாவலர் அந்தக் கருவியில் தேர்ந்தார். இளமையிலேயே அந்தாதி பாடும் அளவுக்கு வளர்ந்தார்.

பின்னர் சென்னை சென்று, இட்டா பார்த்தசாரதி நாயுடு நடத்திய பதிப்பகத்தில் நூல்களைப் பார்வையிட்டுத் திருத்தும் பணியில் அமர்ந்தார். அச்சுப்பிழை பார்க்கும் வேலையைச் சிறிய வேலை என்று எண்ண வேண்டாம். கண் ஒவ்வோர் எழுத்திலும் நிற்க வேண்டும். மனம் பொருளில் இருக்க வேண்டும். காது ஓசையில் இருக்க வேண்டும். மூன்றும் ஒருங்கே நடந்தால்தான் தளை தட்டும் இடம் பிடிபடும். இதைச் சில ஆண்டுகள் நாள் தவறாமல் செய்தவருக்கு அதைவிடச் சிறந்த பயிற்சிக்கூடம் எங்கே கிடைக்கும்? உமறுப்புலவரின் சீறாப்புராணத்துக்கு அவர் எழுதிய உரை இந்த உழைப்பின் பயனே.

அந்நாளில் தமிழ்ப் புலவர் உலகத்தை இரண்டாகப் பிளந்திருந்த வழக்கு ஒன்று உண்டு. இராமலிங்க அடிகளின் பாடல்களை அருட்பா என்பதா, மருட்பா என்பதா என்பதே அது. 1867இல் திருவருட்பா அச்சேறியதை ஒட்டி யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரால் எழுந்த இந்த வாதம் அடுத்த தலைமுறையிலும் ஓயவில்லை. பாவலர் அருட்பாவின் பக்கம் நின்று மேடைதோறும் பேசினார். எதிர்ப்பக்கத்தில் நின்றவர் நா. கதிரைவேற் பிள்ளை, அவரும் சதாவதானியே! இரண்டு நினைவாற்றல் மலைகள் எதிரெதிர் அணியில் நின்றதை எண்ணும்போது அந்த மேடைகளைக் காணக் கொடுத்து வைக்கவில்லையே என்றிருக்கிறது. காஞ்சிபுரத்தில் பாவலரின் பேச்சைக் கேட்டவர்கள் அவரை யானை மீது ஏற்றி ஊர்வலம் விட்டதாகச் சொல்வார்கள்.

இனி அவருக்குப் பட்டம் தந்த நாளுக்கு வருவோம். 1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள், சென்னை விக்டோரியா மண்டபத்தில் புலவர்கள் முன்னிலையில் அவர் சதாவதானம் செய்து காட்டினார். அவதானம் என்றால் கவனம். சதம் என்றால் நூறு. எட்டுச் செய்திகளைக் கவனிப்பது அட்டாவதானம், பத்து என்றால் தசாவதானம், பதினாறு என்றால் சோடசாவதானம். இந்தப் பெயர்களே ஏணிப்படிகள் போல் இருப்பதைக் கவனியுங்கள். யாரும் நூற்றில் தொடங்குவதில்லை.

அவதானம் நடக்கும் முறை இது. சுற்றி அமர்ந்தவர்கள் ஒவ்வொருவராக ஒவ்வொன்றைக் கேட்பார்கள். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். ஒருவர் பெருக்கல் கணக்குச் சொல்வார். ஒருவர் ஒரு தொடரின் எழுத்துகளைக் கலைத்து, ஐந்தாம் எழுத்து இது, பதினொன்றாம் எழுத்து இது என்று இடையிடையே சொல்லிக்கொண்டே இருப்பார். ஒருவர் மணி அடிப்பார். இன்னொருவர் முதுகில் சிறு கல்லோ நெல்லோ எறிவார். எத்தனை முறை மணி அடித்தது, எத்தனை கல் விழுந்தது என்று கடைசியில் சொல்ல வேண்டும். இத்தனைக்கும் நடுவில் சிலேடையும் சந்தேக விளக்கமும் வேறு. முடிவில் எல்லாவற்றுக்கும் விடையை வரிசையாகத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

ஏதோ ஓர் ஆண்டின் தேதியைச் சொல்லி அது என்ன கிழமை என்று கேட்பதும் அவதானத்தில் வழக்கமாக வரும். பார்ப்பவருக்கு இது மந்திரம் போல் இருக்கும். கணக்குத் தெரிந்தவருக்கு ஏழால் வகுத்து மீதி காண்பதே! பாவலர் மேடை ஏறிய நாளையே எடுத்துக்கொள்வோம். 1900 ஜனவரி 1 திங்கட்கிழமை. 365ஐ ஏழால் வகுத்தால் மீதி ஒன்று. ஆகவே ஆண்டுக்கு ஒரு கிழமை நகரும், லீப் ஆண்டானால் இரண்டு. 1907 வருவதற்குள் ஏழு ஆண்டுகள் போய்விட்டன. அவற்றில் 1904 மட்டும் லீப் ஆண்டு (1900 லீப் ஆண்டு அன்று என்பதை மறந்தால் விடை தவறிவிடும்). மொத்தம் எட்டு நகர்வு. ஏழைக் கழித்தால் ஒன்று. எனவே 1907 ஜனவரி 1 செவ்வாய். அங்கிருந்து மார்ச் 10க்கு 68 நாட்கள். ஏழால் வகுத்தால் மீதி ஐந்து. செவ்வாயிலிருந்து ஐந்து கிழமை தள்ளினால் ஞாயிறு. தாளில் போட்டால் இரண்டு நிமிடம். மனக்கணக்காக நாற்பது ஐம்பது முறை போட்டுப் பழகினால் சில வினாடிகளுக்குள் வந்துவிடும். விடுதி அறையில் யார் வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம்.

வழி தெரிந்தால் வியப்புக் குறைந்துவிடுமா? எனக்குக் கூடத்தான் செய்கிறது. கிழமைக் கணக்கின் நடுவில் மணி அடித்தால் அதை எண்ணிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர வேண்டுமே! அங்கேதான் பயிற்சியும் மன உறுதியும் ஒன்றாகச் சேர்கின்றன. அவதானி ஒரே நொடியில் நூறு வேலை செய்வதில்லை. மனிதர் யாராலும் அது ஆகாது. ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவி, தாவிய இடத்திலிருந்து பிசகாமல் திரும்பி வருகிறார். நாம் புத்தகத்துக்குப் பக்கத்தில் கைப்பேசியை வைத்துக்கொண்டு படிக்கும்போது தாவுவது மட்டும் நடக்கிறது. திரும்பி வருவது நடப்பதில்லை.

திரும்பி வரும் மனம் எவ்வளவு அமைதியாக இருக்க வேண்டும் என்பதற்கு, தமிழாசிரியர்கள் வகுப்பில் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஒரு சபையில் பாவலரின் சமயத்தைச் சீண்டும் நோக்கத்தோடு ஒருவர் ஈற்றடி கொடுத்தாராம். இராமன் துருக்கனுக்குத் துணை என்று அதற்குப் பொருள். துருக்கன் என்பது முசுலிமைக் குறிக்கும் பழஞ்சொல். சபை திகைத்தது. பாவலர் முகம் மாறவில்லை. அதற்கு முந்தைய அடியின் முடிவில் சத் என்ற ஓர் அசையைக் கொண்டு வந்து நிறுத்தினார். சேர்த்துப் படித்தால் சத்துருக்கன்! பரதன், இலக்குவன், சத்துருக்கன் ஆகிய தம்பியருக்கு இராமன் துணை என்று பாட்டு முடிந்தது. கோபம் வந்திருந்தால் அந்த ஓர் அசை அகப்பட்டிருக்காது.

மேலை நாட்டு உளவியலார் இந்த ஆற்றலை ஆய்வுக்கூடத்தில் அளந்திருக்கிறார்கள். மனிதர் ஒரே மூச்சில் நினைவில் நிறுத்தக்கூடியவை ஏறத்தாழ ஏழு செய்திகளே என்று அமெரிக்க உளவியலார் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். பிறகு கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் சராசரி நினைவாற்றல் உள்ள ஒரு மாணவரை எரிக்சனும் அவருடைய துணைவர்களும் பழக்கினார்கள். வினாடிக்கு ஓர் இலக்கம் வீதம் வாசித்துக் காட்டித் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். தொடக்கத்தில் அவரால் ஏழு இலக்கம்தான் முடிந்தது. ஏறத்தாழ 20 மாதங்களில் சுமார் 230 மணி நேரம் பழகிய பிறகு 79 இலக்கங்களைத் திருப்பிச் சொன்னார். இந்த ஆய்வு 1980இல் வெளிவந்தது. அந்த மாணவர் நெடுந்தூர ஓட்டக்காரர். மூன்று நான்கு இலக்கங்களைச் சேர்த்து அவற்றை ஓட்டப் பந்தய நேரங்களாக மனத்தில் பதித்துக்கொண்டாராம். பாவலருக்கு யாப்பு எப்படியோ, அவருக்கு ஓட்டம் அப்படி. ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒன்றில் புதியதை முடிந்து வைப்பதே இருவர் வழியும்.

இந்த ஆய்வின் இன்னொரு பகுதியைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அதே மாணவரிடம் இலக்கங்களுக்குப் பதில் எழுத்துகளைச் சொன்னபோது, அவருடைய நினைவு மீண்டும் ஆறு எழுத்தளவுக்கு வந்துவிட்டது. எதைப் பழகினோமோ அதில்தான் வலிமை. நம் ஊர்ப் பூட்டுத் தொழிலாளி நெம்புகோல்களின் வரிசையை விரல் நுனியாலேயே அறிவார். அதற்காக அவருக்குத் தொலைபேசி எண்களெல்லாம் நினைவிருக்க வேண்டும் என்பதில்லை. மூளைக்குப் பொதுவான வலிமை தருவதாக விற்கப்படும் மாத்திரைகளையும் விளையாட்டுகளையும் இதை வைத்தே எடை போடலாம். பாவலரைத் தெய்வ வரம் பெற்றவர் என்று புகழ்வோர், அவர் அச்சுத்தாளோடு கழித்த ஆண்டுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது என் கருத்து.

பட்டம் பெற்ற பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. கோவை, பிள்ளைத்தமிழ், அந்தாதி, பாமாலை என்று பல நூல்கள் பாடினார். அவற்றுள் திருநாகூர்த் திரிபந்தாதியும் கோட்டாற்றுப் பிள்ளைத்தமிழும் புலவர்களால் பெரிதும் பேசப்பட்டவை. காந்தியடிகளின் இயக்கம் பரவியபோது கதர் உடுத்தி, நாட்டு விடுதலைக்காகக் குமரிப் பகுதி மேடைகளில் முழங்கினார். கம்பனையும் சீறாவையும் ஒரே பேச்சில் கொண்டுவந்த அவருக்குச் சமயங்களுக்கிடையே சுவர் இருந்ததில்லை.

1950ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் பாவலர் மறைந்தார். இந்திய அஞ்சல் துறை 2008ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் அவர் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது. அவர் மறைந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1956 நவம்பர் முதல் நாளில், நாகர்கோவில் தமிழ்நாட்டோடு இணைந்தது. மலையாளத்தில் எழுதப் படிக்கத் தொடங்கிய அந்தச் சிறுவனின் பெயரை இன்று இடலாக்குடியில் ஓர் அரசுப் பள்ளி தாங்கி நிற்கிறது.