விழுந்த பல்லை மீண்டும் கட்டியவர்: அபுல் காசிம் அஸ்-ஸஹ்ராவி

இழந்த பல்லுக்குப் பதிலாக இம்ப்ளான்ட் வைத்துக்கொள்வது இன்று சாதாரணமாகிவிட்டது. தாடை எலும்பில் டைட்டானியம் திருகைப் பதித்து, அதன் மேல் பல் பொருத்துகிறார்கள். பெரும்பாலானோருக்கு அது நன்றாகவே நிலைக்கிறது. ஆனால் சிலருக்குச் சில மாதங்களிலோ, சில ஆண்டுகளிலோ ஆட்டம் கண்டு கழன்றுவிடுகிறது. பணமும் போய், பல்லும் போய் நிற்பவர் கேட்பது ஒன்றுதான்: மறுபடியும் முயலலாமா, அல்லது இத்தோடு விட்டுவிடுவதா?

முதல் முயற்சி தோற்றால் அடுத்து என்ன என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே யோசித்து எழுதிவைத்த ஒரு மருத்துவர் இருந்தார். அவர் பெயர் அபுல் காசிம் கலஃப் இப்னு அல்-அப்பாஸ் அஸ்-ஸஹ்ராவி. ஐரோப்பியர் அவரை அபுல்காசிஸ் என்று அழைத்தார்கள்.

இன்றைய ஸ்பெயினின் குர்துபா நகருக்கு அருகே, கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் கட்டிய அரச நகரம் மதீனத்துஸ் ஸஹ்ரா. அதன் கட்டுமானம் தொடங்கிய கி.பி. 936-ஐ ஒட்டியே அவரும் பிறந்ததாகக் கருதப்படுகிறது. அந்த ஊரின் பெயரே அவருக்கும் பெயரானது. அல்-அன்சாரி என்ற அடைமொழியும் அவருக்கு உண்டு. முன்னோர் மதீனாவின் அன்சாரிகள் வழியில் வந்தவர்கள் என்பதை அது காட்டுகிறது.

அவருடைய சொந்த வாழ்க்கையைப் பற்றி நமக்குக் கிடைத்திருப்பது மிகக் குறைவு. அவர் காலத்து எழுத்துகள் பலவும் உள்நாட்டுப் போரில் அழிந்துபோயின. மரணத்துக்குச் சுமார் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு அல்-ஹுமைதி என்ற அறிஞர் எழுதிய சிறு குறிப்புதான் அவரைப் பற்றிய பழைய வரலாறு. அவர் யார் என்பதை அவர் எழுதிய நூலிலிருந்துதான் நாம் அறிகிறோம்.

அந்த நூலின் பெயர் அத்-தஸ்ரீஃப். 30 பகுதிகள் கொண்ட மருத்துவக் களஞ்சியம். ஏறத்தாழ ஐம்பது ஆண்டு அனுபவத்தைத் திரட்டி, கி.பி. 1000-ஐ ஒட்டி அதை முடித்தார். தம் மாணவர்களைப் பிள்ளைகள் என்று அழைத்து, அவர்களுக்குச் சொல்லித்தருவது போலவே எழுதினார். கடைசிப் பகுதி முழுவதும் அறுவைச் சிகிச்சை. சூடு போடுதல், கத்தியால் அறுத்தல், எலும்பு முறிவு என்று மூன்றாகப் பிரித்து, ஏறக்குறைய 200 கருவிகளைப் படம் வரைந்து விளக்கினார். படித்தவன் கருவியைச் செய்துகொள்ளவும் வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

அறுவைக் கலை தம் நாட்டில் ஏறக்குறைய அழிந்துவிட்டது என்ற கவலையோடுதான் அந்தப் பகுதியை அவர் தொடங்குகிறார். உடற்கூறு தெரியாமல் கத்தி எடுத்தவர்களால் நேர்ந்ததைக் கண்ணால் கண்டவர் அவர். ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியை விவரமறியாத ஒருவர் அறுத்தபோது இரத்தக் குழாய் வெட்டுப்பட்டு, அந்தப் பெண் அந்த இடத்திலேயே இறந்தாள். ஒரு முதியவரின் சிறுநீர்ப்பைக் கல்லை எடுக்கப் போன இன்னொருவர், பையின் ஒரு பகுதியையும் சேர்த்து எடுத்துவிட்டார். மூன்றே நாளில் அந்த முதியவர் மரணமடைந்தார். இப்படிப்பட்ட சம்பவங்களை ஒளிக்காமல் எழுதி, முதலில் உடலைப் படியுங்கள், பிறகு கத்தியைத் தொடுங்கள் என்று மாணவர்களை எச்சரித்தார்.

பல் விஷயத்திலும் அதே எச்சரிக்கைதான். அக்காலத்தில் பல் பிடுங்கும் வேலை பெரும்பாலும் நாவிதர்களிடம் இருந்தது. வலிக்கும் பல் எது என்று சரியாகப் பார்க்காமல் நல்ல பல்லைப் பிடுங்குவதும், வேரை உள்ளேயே உடைத்து விடுவதும், தாடை எலும்பைப் பெயர்ப்பதும் நடந்தன. வலி ஏமாற்றும், நோயாளி காட்டும் பல் பழுதான பல்லாக இல்லாமலும் போகலாம் என்று ஸஹ்ராவி சொல்லிக்கொடுத்தார். இயன்ற மருத்துவம் அனைத்தும் செய்து பார்த்த பிறகே பல்லை எடுக்க வேண்டும், ஏனெனில் போன பல்லுக்கு ஈடு கிடையாது என்பது அவர் நிலைப்பாடு. எடுப்பதென்றால் ஈறைச் சுற்றிலும் பிரித்து, மெல்ல மெல்ல அசைத்து, பிறகே கொறடால் பிடிக்க வேண்டும். சொத்தைப் பல்லாக இருந்தால் குழியைத் துணியால் அடைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கொறடின் அழுத்தத்தில் உடைந்துவிடும்.

பல்லில் படியும் காரை ஈறைக் கெடுக்கிறது என்பதையும் அவர் விளக்கினார். அதைச் சுரண்ட வெவ்வேறு வடிவில் 14 கருவிகளை வரைந்தார். ஒரே நாளில் முடியாவிட்டால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடர வேண்டும் என்றார்.

ஆடும் பற்களை என்ன செய்வது? பக்கத்தில் உள்ள உறுதியான பற்களோடு மெல்லிய கம்பியால் பின்னிக் கட்டச் சொன்னார். கம்பி வெள்ளியாக இருக்கக் கூடாது, சில நாட்களிலேயே பச்சை பிடித்துக் கெட்டுவிடும். தங்கம் மாறாமல் அப்படியே இருக்கும். விழுந்துவிட்ட பல்லையே திரும்ப அதன் இடத்தில் வைத்து இதே முறையில் கட்டலாம். அதுவும் இல்லையென்றால் மாட்டு எலும்பைப் பல் வடிவில் செதுக்கி அங்கே பொருத்தலாம். கட்டு தளர்ந்தாலோ அறுந்தாலோ, புதுக் கம்பியால் மீண்டும் கட்ட வேண்டும். ஒருமுறை தோற்றதால் கைவிட வேண்டியதில்லை. ஆனால் கைதேர்ந்தவர்தான் இதைச் செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதினார்.

அவர் கட்டியது பக்கத்துப் பற்களின் பலத்தில் நின்றது. எலும்போடு ஒட்டும் பல்லுக்கு உலகம் இன்னும் பல நூற்றாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1952-ல் சுவீடனின் பிரோனமார்க், டைட்டானியம் எலும்போடு இறுகப் பிணைவதைக் கவனித்தார். 1965-ல் முதல் நோயாளிக்கு அதைப் பொருத்தினார். பொருள் மாறினாலும் ஸஹ்ராவியின் பாடங்கள் மாறவில்லை.

இம்ப்ளான்ட் தோற்றவர் முதலில் கேட்க வேண்டியது, ஏன் தோற்றது என்பதே. எலும்போடு ஒட்டவே இல்லையா? ஒட்டிய பிறகு ஈறில் தொற்று வந்து எலும்பு கரைந்ததா? கடிக்கும் பாரம் மிகுந்ததா? புகைப்பழக்கமும் கட்டுப்படாத சர்க்கரையும் முக்கியக் காரணங்கள். அவற்றைச் சரிசெய்யாமல் இரண்டாவது முறை வைப்பது, வெள்ளிக் கம்பி கெட்ட இடத்தில் மீண்டும் வெள்ளிக் கம்பியைக் கட்டுவதற்குச் சமம்.

தொற்று இல்லாமல், எலும்பும் போதுமான அளவு இருந்தால் சிலருக்குச் சற்றே அகலமான இம்ப்ளான்டை உடனே வைக்க முடியும். எலும்பு குறைந்திருந்தால் பழையதை எடுத்து, சுத்தம் செய்து, எலும்புத் தூள் நிரப்பி, சில மாதங்கள் ஆறவிட்டு வைப்பார்கள். மேல் தாடையில் எலும்பு மிகவும் தேய்ந்தவர்களுக்குக் கன்ன எலும்பில் ஊன்றும் நீண்ட இம்ப்ளான்டும் உண்டு. இரண்டாவது முயற்சியின் வெற்றி வாய்ப்பு முதல் முயற்சியைவிடச் சற்றுக் குறைவு என்பதால், பக்கத்துப் பற்களில் தாங்கும் பிரிட்ஜ், கழற்றி மாட்டும் பல் செட் ஆகியவற்றையும் ஒதுக்கிவிடக் கூடாது.

நிரப்பும் எலும்புத் தூள் நம் உடலிலிருந்தே எடுக்கப்படலாம். மாடு அல்லது பன்றியிலிருந்து தயாரிக்கப்பட்டதாகவும், செயற்கையானதாகவும் இருக்கலாம். மேலே மூடும் சவ்வுகளும் அப்படித்தான். எது என்பதைச் சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. மாட்டு எலும்பிலிருந்து செய்த தூள் இன்று பரவலாகப் பயன்படுகிறது. ஸஹ்ராவி செதுக்கிய அதே பொருள், வேறு வடிவில்.

அவர் பிறந்த நகரம் 1010-ஐ ஒட்டி உள்நாட்டுப் போரில் சூறையாடப்பட்டு அழிந்தது. அவரும் 1013 வாக்கில் இறந்தார். நூல் மட்டும் தப்பியது. 12-ம் நூற்றாண்டில் கிரெமோனாவின் ஜெரார்டு தொலைதோ நகரில் அதன் அறுவைப் பகுதியை லத்தீனில் பெயர்த்தார். 14-ம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறுவை மருத்துவர் கீ தெ ஷோலியாக் தம் நூலில் 200 இடங்களுக்கு மேல் அவரைச் சுட்டினார். 1465-ல் துருக்கியின் சபுன்சுஒக்லு அந்நூலைத் தழுவித் துருக்கி மொழியில் படங்களோடு எழுதினார். மதீனத்துஸ் ஸஹ்ராவின் இடிபாடுகள் 2018-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

பல் மருத்துவரின் நாற்காலியில் அமரும்போது நமக்கு நினைவிருக்க வேண்டியவை அவர் மாணவர்களுக்குச் சொன்னவையே: அவசரப்படாதே, காரணத்தைத் தேடு, தெரிந்தவர் கையில் ஒப்படை, இருக்கும் பல்லைக் காப்பாற்று.