திடல் தந்த ஆசான்

நுழையும்முன்

பள்ளியின் பாடவேளைப் பட்டியலில் விளையாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. தேர்வு நெருங்கினால் கணக்குக்கும் அறிவியலுக்கும் முதலில் விட்டுக்கொடுக்கப்படுவதும் அவ்விடமே. எளிதாகப் பறிபோகும் அந்த இடம் எளிதாகக் கிடைத்ததன்று. அதற்காகக் கடல் கடந்து வந்து, சென்னையிலேயே உழைத்து, சென்னையிலேயே மறைந்தார் ஒருவர். அவரே ஹாரி குரோ பக்.

இளமையும் பயிற்சியும்

பக், 1884ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் சார்பில் நடைபெற்ற பயிற்சிக் கல்லூரியில் உடற்கல்வி பயின்றார். குளிர்காலத்தில் கூடத்துக்குள் அடைபட்டுக் கிடந்த மாணவர்களுக்காக, 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கியது அக்கல்லூரியில்தான். விளையாட்டைப் பொழுதுபோக்காக மட்டும் கருதாமல், உடல், உள்ளம், ஒழுக்கம் ஆகிய மூன்றையும் வளர்க்கும் கல்வியாகக் கருதிய சூழல் அது. அந்தப் பயிற்சியோடு பக் சென்னைக்கு வந்தார்.

அன்றைய நிலை

உடலைப் பேணும் அறிவு தமிழர்க்குப் புதிதன்று. திருமூலர் உடம்பின் அருமையைப் பாடிய மண் இது. சிலம்பமும் சடுகுடுவும் ஊர்தோறும் வழங்கின. ஆயினும், இவற்றுள் எதுவும் பள்ளிக்கூடத்தின் வாயிலைக் கடந்து உள்ளே வரவில்லை. பள்ளிகளில் உடற்பயிற்சி என்ற பெயரில் நடந்தது பெரும்பாலும் படைவீரர்க்குரிய அணிநடைப் பயிற்சியே. படையிலிருந்து ஓய்வு பெற்றோர் பலர் அதனை நடத்தினர். கட்டளைக்கு ஏற்ப நிற்கவும் திரும்பவும் நடக்கவும் மாணவர் பழகினர். மகிழ்ச்சியோடு ஓடியாட வாய்ப்புப் பெறவில்லை. பிள்ளையின் வயது, வலிமை, விருப்பம் ஆகியவற்றை அறிந்து கற்பிக்கும் ஆசிரியரை உருவாக்க நாட்டில் முறையான கல்லூரி இல்லை.

கல்லூரியின் தோற்றம்

அக்குறையை நீக்க, 1920ஆம் ஆண்டு சென்னையில் உடற்கல்விப் பள்ளி ஒன்றைப் பக் தொடங்கினார். விரல்விட்டு எண்ணத்தக்க மாணவர்களே முதலில் சேர்ந்தனர். பெற்றோர் தம் மக்களை வழக்கறிஞராகவும் அரசு அலுவலராகவும் காண விரும்பிய காலம் அது. விளையாட்டைக் கற்பிப்பதும் ஒரு தொழிலே என்று அவர்களை ஏற்கச் செய்வது எளிய செயலன்று.

ஒரு வீரரை உருவாக்கினால் ஒரு வெற்றி கிடைக்கலாம். ஓர் ஆசிரியரை உருவாக்கினாலோ, அவர் பணியாற்றும் காலம் முழுவதும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பயன்பெறுவர். ஆகவே ஆசிரியப் பயிற்சியே அந்நிறுவனத்தின் உயிரானது. உடற்கூறு, உடல்நலம், கற்பிக்கும் முறை ஆகியவை விளையாட்டோடு சேர்த்துக் கற்பிக்கப்பட்டன. ஊருக்கு ஊர் வேறுபட்டுக் கிடந்த ஆட்டமுறைகளை ஒழுங்குபடுத்தும் வகையில், விளையாட்டு விதிகளைத் தொகுத்து அவர் நூலாக்கினார்.

1930களின் தொடக்கத்தில் கல்லூரி சைதாப்பேட்டைக்கு அருகே, அடையாற்றின் வடகரையை ஒட்டிய பரந்த நிலத்திற்கு இடம் பெயர்ந்தது. இன்று நந்தனம் என வழங்கும் பகுதியில் அது அமைந்துள்ளது.

பாரிஸ் தந்த பாடம்

1924இல் பாரிஸ் நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. இந்திய அணியைப் பயிற்றுவித்து அழைத்துச் செல்லும் பொறுப்பு பக்கிடம் வந்தது. தடை தாண்டும் ஓட்டத்தில் பங்கேற்ற சி.கே. லட்சுமணன் உள்ளிட்ட வீரர்கள் அவ்வணியில் இருந்தனர். அணி பதக்கம் ஏதுமின்றித் திரும்பியது.

அத்தோல்வியில் ஓர் உண்மை இருந்தது. பயணத்திற்கு முன்பு அளிக்கும் சில வாரப் பயிற்சி, பல ஆண்டுப் பழக்கத்திற்கு ஈடாகாது. ஓடும் கால்கள் இளமையிலேயே ஓடிப் பழக வேண்டும். அதற்குப் பள்ளிதோறும் திடலும், திடல்தோறும் தேர்ந்த ஆசிரியரும் வேண்டும். பாரிஸ் பயணத்திற்கு முன்பே பக் தொடங்கிய பணி எவ்வளவு இன்றியமையாதது என்பதை அத்தோல்வி மெய்ப்பித்தது. பதக்கம் பெறுவோர் சிலர். நலமாக வாழ வேண்டியவர்களோ அனைவரும். வேகமாக ஓடுபவனுக்கு மட்டுமன்றிக் கடைசியாக ஓடி வரும் பிள்ளைக்கும் திடலில் இடம் உண்டு என்பதே உடற்கல்வியின் அடிப்படை. விளையாட்டுப் பயிற்சியிலிருந்து உடற்கல்வியைப் பிரித்துக் காட்டுவதும் இதுவே.

நிலைத்த பணி

தாம் தொடங்கிய கல்லூரிக்காகவே இறுதிவரை உழைத்த பக், 1943ஆம் ஆண்டு காலமானார். இந்திய நவீன உடற்கல்வியின் தந்தை என இன்று அவர் போற்றப்படுகிறார். அக்கல்லூரியில் பயின்றோர் நாட்டின் பல பகுதிகளுக்கும் சென்று ஆசிரியர்களாயினர்; அவர்களிடம் பயின்றோர் மேலும் பலரை உருவாக்கினர்.

சென்னைப் புத்தகக் கண்காட்சி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் நடைபெறும் நாள்களில், நூல்களைத் தேடிப் பல்லாயிரவர் அங்குத் திரள்கின்றனர். அவர்கள் நிற்கும் நிலம் பிள்ளைகள் ஓடுவதற்காக உருவானது. நூலும் திடலும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒரே கல்வியின் இரு கண்கள். தேர்வுக் காலத்திலும் விளையாட்டு வேளையைக் காத்துக்கொள்ளும் மாணவரே பக் ஆற்றிய பணியின் உண்மையான வாரிசாவார்.